கதை எழுதுகையில் காதில் பாட்டு

சில மாதங்களுக்கு முன்னர் இளம் எழுத்தாளர் ஒருவர் தமது புதிய சிறுகதையொன்றை எனக்கு அனுப்பி, வாசித்துக் கருத்துக் கூறும்படி கேட்டிருந்தார். கதையுடன் இன்னொன்றும் வந்திருந்தது. அக்கதையை எழுதும்போது அவர் கேட்டுக்கொண்டிருந்த பாடல்களின் பட்டியல். அத்தகைய பட்டியல்கள் பலவற்றை அவர் தமது கைத்தொலைபேசியில் தொகுத்து வைத்திருக்கிறார். மழைக்கு ஒன்று, பிரிவுக்கு ஒன்று, சிறுவயது நினைவுகளுக்கு ஒன்று, மௌத்து வீட்டுக்கு ஒன்று. 'பிளேலிஸ்ட்' என்று அதற்குப் பெயர். கதையில் எந்தக் கட்டம் வருகிறதோ அதற்குரிய பட்டியலைத் தட்டிவிட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு எழுதத் தொடங்கிவிடுவாராம். கடிதத்தின் முடிவில் ஒரு கேள்வி: "நீங்க எழுதக்குள்ள என்ன பாட்டுக் கேப்பீங்க சேர்?"

சாதாரணமான கேள்விதான். எந்தப் பேனை பாவிக்கிறீர்கள், இரவிலா பகலிலா எழுதுகிறீர்கள் என்பன போன்ற ஒன்று. ஆனால் என்னால் உடனே பதில் எழுத முடியவில்லை. அவரது கதையில் ஒரு தாய் அழும் இடம் இருந்தது. அதை வாசித்தபோது என் மனம் சற்று இளகியது உண்மை. அதே வேளையில், இந்தக் கண்ணீர் அந்தத் தாயுடையதா, அல்லது எழுதியவரின் காதில் அப்போது ஒலித்துக்கொண்டிருந்த பாட்டினுடையதா என்ற ஐயமும் எழுந்தது. அந்த ஐயம் அவர் மீது கொண்டதல்ல. இருபது வருடங்களுக்கு முன்னர் என் மீதே எனக்கு எழுந்த ஐயம் அது. அதைச் சொல்லாமல் அவருக்குப் பதில் எழுதுவது நேர்மையாகாது எனத் தோன்றியது. ஆகவே பதில் கட்டுரையாக நீண்டுவிட்டது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பாட்டுக் கேட்டுக்கொண்டே எழுதுவது ஒரே பழக்கமல்ல. வெளியில் இருந்து பார்க்கையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், எழுத்தாளர்கள் இசையை வெவ்வேறு தேவைகளுக்காகவே பக்கத்தில் வைத்துக்கொள்கின்றனர்.

அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங், எழுத்துக்கலை பற்றி 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தாம் சத்தமான ரொக் இசையை ஒலிக்கவிட்டு எழுதுவதாகக் கூறுகிறார். ஏசிடிசி, மெட்டாலிக்கா போன்ற குழுக்களின் இசை அது. திகில் கதைக்கு உகந்த சூழலை அதிலிருந்து அவர் பெற்றுக்கொள்வதில்லை. அந்தச் சத்தம் அவருக்கு ஒரு கதவு. வெளியுலகம் உள்ளே வராமல் மூடிக்கொள்வதற்கான கதவு. எங்கள் வீடுகளில் பிள்ளைகளின் கூச்சலுக்கும் தெருவில் போகும் மீன்காரரின் ஹோர்ன் சத்தத்துக்கும் நடுவில் எழுத உட்காருபவர்களுக்கு இந்தத் தேவை நன்றாகவே விளங்கும். சத்தத்தைச் சத்தத்தால் மறைப்பது அது.

ஜப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமியின் பழக்கம் வேறு வகையானது. எழுத்துக்கு வருமுன்னர், 1974 இல் டோக்கியோவின் புறநகரொன்றில் அவர் ஜாஸ் இசைக்கான சிறு கடையொன்றைத் தொடங்கினார். கோப்பியும் இசைத்தட்டுமாகப் பல ஆண்டுகள் அதை நடத்தினார். எழுதக் கற்றுக்கொண்டது இசையிடமிருந்துதான் என்றும், வசனத்துக்கு முதலில் வேண்டியது தாளமே என்றும் அவர் எழுதியிருக்கிறார். அவருக்குப் பெரும் புகழைத் தேடித்தந்த 'நோர்வீஜியன் வூட்' நாவல் 1987 இல் வெளிவந்தது. கிரேக்கத்திலும் சிசிலியிலும் ரோமிலும் தங்கியிருந்து அதை எழுதியபோது, பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜன்ட் பெப்பர்' ஒலிநாடாவை வோக்மனில் ஏறத்தாழ 120 தடவைகள் திரும்பத் திரும்பக் கேட்டதாக அந்நாவலின் பின்னுரையில் அவர் குறிப்பிடுகிறார். இதில் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. நாவலுக்குத் தலைப்பைத் தந்த பாட்டு அந்த ஒலிநாடாவிலேயே இல்லை. அது 1965 இல் வந்த வேறோர் இசைத்தட்டில் உள்ளது. கதையினுள் ஒலிப்பது ஒன்று, எழுதியவரின் காதில் ஒலித்தது இன்னொன்று. 120 தடவைகள் கேட்கும் ஒன்று துக்கத்தையோ மகிழ்ச்சியையோ தந்துகொண்டிருக்க முடியாது. அது ஒரு நடையாக, மூச்சாக மாறிவிடுகிறது. தறியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தறியின் சத்தம் போல.

இவர்களுக்கு எதிர்ப்புறத்தில் இருப்பவர் காஃப்கா. பிராக் நகரில் பெற்றோருடன் வாழ்ந்த வீட்டின் சத்தங்களைப் பற்றி 1912 இல் ஒரு சிறு உரைநடைச் சித்திரத்தையே வெளியிட்டவர் அவர். கதவுகள் அறையப்படுவதும் தகப்பனார் அறைக்குள்ளால் நடந்து போவதும் அவருக்குத் தாங்க முடியாதவையாக இருந்தன. தமக்கு இசை ஞானமே இல்லை என்று அவர் பலமுறை எழுதியிருக்கிறார். ஆயினும் அதே 1912 இன் இறுதியில் அவர் எழுதிய 'உருமாற்றம்' கதையில், பூச்சியாகிவிட்ட மகன் தன் தங்கை வயலின் வாசிப்பதைக் கேட்டு அறையை விட்டு ஊர்ந்து வருகிறான். இசையை விளங்காத ஒருவர் நிசப்தத்தை வேண்டித் தவித்துக்கொண்டு எழுதிய காட்சி அது. அதை வாசிக்கும் எவருக்கும் அந்த வயலின் கேட்கவே செய்கிறது.

ஆகவே சத்தத்தை மறைக்கும் சுவராக இசை பயன்படலாம். வசனத்தின் நடைக்குத் தாளமாகப் பயன்படலாம். இவ்விரண்டிலும் ஒழுக்கம் சார்ந்த கேள்வி எதுவும் இல்லை. மேசையில் வைக்கும் விளக்குப் போன்றவை அவை. கேள்வி எழுவது மூன்றாவது வகையில்தான். துக்கத்தை எழுதுவதற்காகத் துக்கமான இசையைப் போட்டு, முதலில் தன்னைத் துக்கப்படுத்திக்கொண்டு, அந்தத் துக்கத்திலிருந்து எழுதுவது. இளம் நண்பர் செய்வது இதைத்தான். ஒரு காலத்தில் நானும் இதையே செய்தேன்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கிழக்குக் கரையைக் கடல் கொண்டுபோனது பற்றி இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. அதற்கடுத்த ஆண்டில் எழுதத் தெரிந்த எல்லோரும் அதைப் பற்றி எழுதினோம். எழுதாமல் இருக்க முடியவில்லை என்பது ஒரு காரணம். எழுதாவிட்டால் என்ன எழுத்தாளன் என்று ஊர் கேட்கும் என்பதும் ஒரு காரணம்தான். எங்கள் தெருவின் கடற்கரைப் பக்கத்துக் கடைசி வீட்டில் இருந்த ராத்தா ஒருவர் தமது மூன்று வயது மகனை அன்று இழந்திருந்தார். அவரைப் பெயர் மாற்றி, இடம் மாற்றி ஒரு கதையாக்க முயன்றேன். இரண்டு மாதங்களாக ஒரு வசனமும் வரவில்லை. எழுதிய எல்லாம் பத்திரிகைச் செய்தி போலவே இருந்தது.

அந்நாட்களில் நண்பரொருவர் பிஸ்மில்லா கானின் ஷெஹ்னாய் இறுவட்டொன்றைத் தந்தார். ஓர் இரவு, வீட்டார் உறங்கிய பின், அதைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். பதினைந்து நிமிடங்களில் என் கண்கள் கலங்கின. கை ஓடியது. விடிவதற்குள் கதை முடிந்துவிட்டது. கதையில் அந்தத் தாய் கரையில் மண்டியிட்டு, அலைகளைப் பார்த்து, மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள். பக்கக்கணக்கில் அழுகிறாள். எழுதிவிட்டு வாசித்தபோதும் எனக்கு அழுகை வந்தது. அப்போதும் ஷெஹ்னாய் ஒலித்துக்கொண்டேயிருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை.

கதை ஒரு சஞ்சிகையில் வெளிவந்தது. பலர் பாராட்டினார்கள். கூட்டமொன்றில் ஒருவர் அதை வாசித்துக் கண் கலங்கினார். சில மாதங்களின் பின்னர் அந்தச் சஞ்சிகை எப்படியோ ராத்தாவின் கைக்கும் போயிருக்கிறது. தற்காலிகக் கொட்டிலில் இருந்த அவரைப் பார்க்க ஒருநாள் போயிருந்தபோது அவர்தான் பேச்சை எடுத்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கா தம்பி. வாசிச்சி நானும் அழுதன். ஆனா அது நான் இல்ல."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார்.

"அண்டைக்கி நான் அழல்ல தம்பி. எனக்கு அடுப்புல வெச்ச பாலுதான் யோசினயாக் கிடந்த. புள்ளக்கி வெச்ச பால். பொங்கிரப் போகுதே, பொங்கிரப் போகுதே எண்டு. வீடே இல்ல, அடுப்பு எங்க? ஆனா மனசு அதுலயே நிண்டிச்சி. அழுகை வர நாலஞ்சி நாளாகிச்சி."

அவர் குறையாகச் சொல்லவில்லை. கோபமும் இருக்கவில்லை. தேநீர் தந்து அனுப்பினார். ஆனால் வீட்டுக்கு வரும் வழி முழுவதும் அந்தப் பால் என் மனதிலிருந்து போகவில்லை. என் கதையில் பால் இல்லை. இருந்திருக்க வழியுமில்லை. நான் அவரிடம் ஒரு தடவையேனும் அந்நாளைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. துக்கம் என்னிடம் இறுவட்டில் தயாராக இருந்தது.

இசை என்னிடம் பொய் சொன்னதா? இல்லை. அன்றிரவு எனக்கு வந்த அழுகை உண்மையான அழுகைதான். ஆனால் அது எதைப் பற்றிய அழுகை என்பதுதான் கேள்வி. இசை உணர்ச்சியைத் தரும், அந்த உணர்ச்சிக்குரிய பொருளைத் தராது. இது புதிய கருத்தல்ல. ஆஸ்திரிய இசை விமர்சகர் எட்வார்ட் ஹான்ஸ்லிக் 1854 இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி விரிவாக வாதிட்டிருக்கிறார். குளுக் என்ற இசையமைப்பாளர் 1762 இல் வியன்னாவில் அரங்கேற்றிய இசைநாடகம் ஒன்றில், மனைவியை இழந்த கணவன் பாடும் புகழ்பெற்ற பாட்டொன்று வருகிறது. கேட்டவர்கள் அதைச் சோகத்தின் உச்சம் என்றார்கள். ஆனால் இழந்தேன் என்ற பொருள்படும் சொற்களை அகற்றிவிட்டு, கண்டடைந்தேன் என்ற பொருள்படும் சொற்களை வைத்தாலும் அதே மெட்டு அதே அளவு பொருந்திவிடும் என்பது ஹான்ஸ்லிக் எடுத்துக்காட்டும் வாதம். துக்கம் மெட்டில் இல்லை, சொல்லில்தான் இருந்தது என்கிறார்.

அவர் சொல்வதை முழுமையாக ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் என் ஷெஹ்னாய்க்கு அது அப்படியே பொருந்தியது. எனக்கு ஷெஹ்னாய் என்றால் துக்கம். துக்க தினங்களில் வானொலியில் அத்தகைய இசையைக் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. ஆனால் வட இந்தியாவில் அது கல்யாண வீட்டு வாத்தியம். எங்கள் நாட்டுத் தமிழ் வீடுகளில் நாதஸ்வரத்துக்கு இருக்கும் இடம் அங்கே ஷெஹ்னாய்க்கு. 2006 இல் காலமான பிஸ்மில்லா கான், அதே குழலில் மணவீடுகளுக்குரிய மங்கல இசையையும் வாசித்தார், முஹர்ரம் நாட்களில் காசியின் தெருக்களில் நடந்து கர்பலாவின் சோகத்தையும் வாசித்தார். ஒரே வாத்தியம், ஒரே மூச்சு. எது துக்கம், எது மங்கலம் என்பதைக் கேட்பவரும் சூழலுமே தீர்மானிக்கின்றனர். அன்றிரவு அந்த இசையைத் துக்கமாக்கியது என் சொந்த நினைவுகள். என் வாப்பாவின் மௌத்து, சிறுவயதில் தொலைந்த ஏதோ ஒன்று, இன்னும் பெயர் சொல்லத் தெரியாத பல. அவற்றுக்காக நான் அழுதேன். அந்தக் கண்ணீரைத் துடைத்து ராத்தாவின் கன்னத்தில் பூசிவிட்டேன்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு பழைய விவாதம் நினைவுக்கு வருகிறது. இசை கேட்பது ஆகுமா ஆகாதா என்ற விவாதத்தை நான் இங்கே எடுக்கவில்லை. அதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு, அதைத் தீர்க்க நான் தகுதியுடையவனுமல்ல. ஆனால் ஹிஜ்ரி 505 இல், அதாவது 1111 இல் வபாத்தான இமாம் கஸ்ஸாலி அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் ஸமாஃ, வஜ்து ஆகியவற்றுக்கென ஒரு தனிப் பகுதியையே ஒதுக்கியிருக்கிறார்கள். கேட்பவனின் உள்ளத்தில் இசை என்ன செய்கிறது என்பதை அவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த எழுத்து அக்காலத்தில் அரிது. கதை எழுதுபவனுக்கும் அதில் பாடம் உண்டு என நினைக்கிறேன்.

ஸூபிப் பெரியார் அபூ சுலைமான் அத்தாரானி அவர்களின் கருத்தொன்றை இமாம் அங்கே எடுத்துக்காட்டுகிறார்கள். உள்ளத்தில் இல்லாத எதையும் ஸமாஃ கொண்டுவந்து வைப்பதில்லை, இருப்பதையே அது கிளறிவிடுகிறது என்பது அதன் சாரம். என் ஷெஹ்னாய் இரவை இதைவிடச் சரியாக யாரும் விளக்க முடியாது. ராத்தாவின் துயரம் என் உள்ளத்தில் இருக்கவில்லை. நான் அதை உள்ளே கொண்டுவந்திருக்கவில்லை. ஆகவே இசை கிளறியபோது வெளியே வந்தது வேறொன்று. மண்ணுக்குள் மரவள்ளி இல்லாதபோது மண்வெட்டியைக் குறைசொல்லிப் பயனில்லை.

ஆனால் அதே பகுதியில் பிளேலிஸ்ட் வைத்திருக்கும் இளம் நண்பருக்கு ஆதரவான வாதமும் இருக்கிறது. அதை மறைப்பது நியாயமல்ல. தானாக வரும் உள்ள நிலை வஜ்து. முயன்று வரவழைக்கும் நிலை தவாஜுத். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக வரவழைத்தால் அது இழிவு என்கிறார்கள் இமாம். ஆனால் உண்மையான நிலையை அடைவதற்காக முயன்று வரவழைத்தால் அது புகழத்தக்கது என்றும் சொல்கிறார்கள். குர்ஆனை ஓதும்போது அழுகை வராதவர் அழ முயலட்டும் என்ற கருத்திலமைந்த நபிமொழியை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். இந்நிலைகள் தொடக்கத்தில் வலிந்து வருபவையாக இருந்து முடிவில் உண்மையாகிவிடக்கூடும் என்பது அவர்கள் தரும் காரணம். அதற்கு அவர்கள் காட்டும் உதாரணங்களில் ஒன்று நம்மைப் போன்றவர்களுக்கென்றே சொல்லப்பட்டது போலிருக்கிறது. எழுதப் பழகுபவன் ஆரம்பத்தில் மிகுந்த சிரமத்துடன் எழுதுகிறான். கை பழகிய பின்னர் எழுத்து அவனது இயல்பாகிவிடுகிறது. மனம் வேறொன்றில் மூழ்கியிருக்கையிலும் அவன் தாள் தாளாக எழுதிச் செல்கிறான்.

இந்த வாதம் என்னைப் பல நாட்கள் தடுமாற வைத்தது. வலிந்து வரவழைத்த உணர்ச்சி என்பதற்காக மட்டும் அது பொய்யாகிவிடாது. நடிகர் செய்வதும் அதுதான், மேடையேறும் பேச்சாளர் செய்வதும் அதுதான். பிளேலிஸ்ட்டைப் போட்டுக்கொண்டு தொடங்கும் எழுத்தாளன், அதன் வழியே உண்மையான ஓர் இடத்தைப் போய்ச் சேர்ந்தால் அதில் என்ன தவறு? ஒரு தவறும் இல்லை. அப்படியானால் கவனிக்க வேண்டியது அவன் எங்கே தொடங்கினான் என்பதையல்ல, எங்கே நின்றுவிட்டான் என்பதை. நான் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டேன். கண் கலங்கியதும் வந்துசேர்ந்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன். அழ முயல்வது ஓதுதலோடு சேர்ந்தது. முன்னால் ஒரு வசனம் இருக்கிறது, அதன் பொருள் இருக்கிறது. என் முன்னால் எதுவும் இருக்கவில்லை. அழுகை மட்டுமே இருந்தது.

இனி வாசகனின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். எழுதியவனின் காதில் ஒலித்த பாட்டு வாசகனுக்குக் கேட்பதில்லை. அவனிடம் வந்துசேர்வது கறுப்பு எழுத்துகள் மட்டுமே. திரைப்படக்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. காட்சி வெறுமையாக இருந்தாலும் பின்னணி இசை அதை நிரப்பிவிடும், அந்த இசை பார்வையாளருக்கும் சேர்ந்தே கேட்கும். எழுத்தாளனோ தனக்கு மட்டும் பின்னணி இசையைப் போட்டுக்கொண்டு, காட்சி நிரம்பிவிட்டதாக மயங்கிப்போகிறான். "அவள் அழுதாள்" என்ற வெறும் வசனம் ஷெஹ்னாயுடன் சேர்கையில் எழுதியவனுக்கு மலையளவு கனக்கிறது. தாளில் அது இரண்டு சொற்கள்தான். அப்படியானால் என் கதையை வாசித்து அழுதவர்கள்? அந்த ஆண்டில் கடல் என்ற சொல்லே நம் எல்லோரையும் அழவைக்கப் போதுமானதாக இருந்தது. அவர்களிடம் இருந்ததையே நானும் கிளறினேன். என் கதை அவர்களுக்கு இன்னொரு ஷெஹ்னாய்.

மாறாக, பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் செய்ததைப் பாருங்கள். சத்தம் வராதபடி சுவர்களில் தக்கை பதித்த அறையில் எழுதியவர் அவர். 1916 இல் நரம்பிசைக் கலைஞர்கள் நால்வரை இரவில் தமது வீட்டுக்கே அழைத்து, செசார் பிராங்கின் இசையை வாசிக்கச் செய்து கேட்டவர். ஆனால் அவர் அந்த இசையிலிருந்து ஒரு மனநிலையை மட்டும் பெற்றுக்கொண்டு எழுதச் செல்லவில்லை. இசை தம்மை என்ன செய்கிறது என்பதையே உற்றுக் கவனித்தார். 1913 முதல் 1927 வரை ஏழு பாகங்களாக வெளிவந்த அவரது பெருநாவலில் வாந்தேய் என்றோர் இசையமைப்பாளர் வருகிறார். அவர் கற்பனைப் பாத்திரம். அவரது இசையை உலகில் எவரும் கேட்டதில்லை. ஆனால் அந்நாவலில், காதலை இழந்துவிட்ட ஸ்வான் ஒரு விருந்தில் எதிர்பாராமல் அந்த மெட்டைக் கேட்கும் இடத்தில், வாசகருக்கும் அது வலிக்கிறது. காரணம், அதற்கு முன்னர் நூற்றுக்கணக்கான பக்கங்களில் அந்த மெட்டு எந்த இரவில், யாருடன், எந்த நிலையில் கேட்கப்பட்டது என்பதெல்லாம் சொல்லப்பட்டுவிட்டது. இசைக்குரிய பொருள் முழுவதையும் சொற்கள் சுமந்து வந்து தந்துவிட்டன. கேட்காத இசை கேட்டுவிட்டது.

இது கலைத்திறன் சார்ந்த விடயம் மட்டும்தானே, இதில் ஒழுக்கம் எங்கே வருகிறது என்று சிலர் கேட்கலாம். தன் சொந்தத் துயரத்தை எழுதுபவனுக்கு ஒருவேளை அது கலைத்திறன் சார்ந்தது மட்டும்தான். ஆனால் நாம் எழுதுவது பெரும்பாலும் பிறரைப் பற்றி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஒரு சில மணித்தியாலங்களில் வெளியேற்றப்பட்டவர்களைப் பற்றி எழுதுகிறோம். கடலில் பிள்ளையைப் பறிகொடுத்தவரைப் பற்றி எழுதுகிறோம். வெளிநாட்டில் வேலைக்குப் போய் வெறும் பெட்டியாக வந்த மகளைப் பற்றி எழுதுகிறோம். அவர்களிடம் எஞ்சியிருப்பது பல வேளைகளில் அந்த நாளின் நினைவு மட்டுமே. அது அவர்களுக்கு எப்படி நடந்ததோ அப்படியே அது அவர்களுடையது. அந்தப் பால், அந்த அடுப்பு, அந்த நாலைந்து நாட்கள். அதை அகற்றிவிட்டு, எந்தப் பாட்டைப் போட்டாலும் எவருக்கும் வரக்கூடிய பொதுவான ஓர் அழுகையை அந்த இடத்தில் வைப்பது, அவர்களிடமிருந்து இரண்டாம் முறையாக எதையோ எடுத்துக்கொள்வதாகும். அதைவிடக் கொடுமை, எடுத்தவனுக்குத் தான் எடுத்தது தெரியாது. தான் அழுததால் நியாயம் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். அழுகை, கேட்டறிய வேண்டிய கடமையிலிருந்து அவனை விடுவித்துவிடுகிறது.

பாட்டில்லாமல் எழுதினால் மட்டும் இது நேராதா? நேரலாம். பழைய கதைகளில் வாசித்த அழுகையை, திரைப்படத்தில் பார்த்த அழுகையை எழுதுபவர்கள் நிறையப் பேர் உளர். அவர்களுக்குப் பிளேலிஸ்ட் மனதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கைத்தொலைபேசியில் ஓடும் பட்டியலையாவது நிறுத்திவிடலாம். அந்த வகையில் இளம் நண்பரின் பழக்கத்தில் ஒரு வசதியும் உண்டு. எந்த இடத்தில் எந்தப் பாட்டு ஒலித்தது என்று அவருக்குத் தெரியும். தன் உணர்ச்சி எங்கிருந்து வந்தது என்பதை அவர் சோதித்துப் பார்க்கலாம். எங்களைப் போன்ற பலருக்கு அதுவும் முடிவதில்லை.

ஆகவே அவருக்கு நான் எழுத நினைத்த பதில் இதுதான். பாட்டை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். எழுதும்போது எதையும் கேளுங்கள். சத்தத்தை மறைக்கவோ, கையை ஓடவிடவோ, வராத மனநிலையை வரவழைக்கவோ அது உதவினால் உதவட்டும். ஆனால் எழுதியதைத் திரும்ப வாசிக்கும்போது எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். சுபஹுக்குப் பின்னரான நேரம் இதற்கு நல்லது. ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு, வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். எந்த இடத்தில் வசனம் வெறுமையாகக் கேட்கிறதோ அந்த இடத்தில் பாட்டு உங்களுக்காக வேலை செய்திருக்கிறது. அதை அடித்துவிட்டு, அங்கே உண்மையில் என்ன இருந்தது என்று தேடுங்கள். அது இன்னொருவரின் துயரமாக இருந்தால் அவரிடம் போய்க் கேளுங்கள். கேட்கக்கூடாத நிலையில் அவர் இருந்தால் காத்திருங்கள். அதுவும் முடியாவிட்டால், தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாமல் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

நான் அந்தக் கதையை மறுபடியும் எழுதினேன். 2007 இல் ஒருநாள் ராத்தாவிடம் அனுமதி கேட்டுவிட்டு, அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்து எழுதினேன். ஷெஹ்னாய் இறுவட்டு அலுமாரியில் இருந்தது, எடுக்கவில்லை. அறையில் மின்விசிறியின் சத்தமும், வெளியில் காகங்களின் சத்தமும்தான். எழுதி முடிக்க மூன்று வாரங்கள் சென்றன. எழுதும்போது ஒரு தடவைகூட எனக்கு அழுகை வரவில்லை. ஏழு பக்கக் கதை மூன்று பக்கமாகச் சுருங்கியது. அதில் தாய் அழுவதே இல்லை. இடிந்த சுவர்களுக்கிடையே நின்றுகொண்டு, பால் பொங்கிவிடுமே என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்கிறாள். அவ்வளவுதான்.

கையெழுத்துப் பிரதியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். புதிய வீட்டுக்குக் குடிபுகுந்திருந்தார். வாசித்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் தாள்களை மடித்துத் தந்தபடி சொன்னார்:

"இதுல ஒண்டு மட்டும் பிழ தம்பி. அண்டைக்கி நான் அத ஆரிட்டயும் சொல்லல்ல. மனசுக்குள்ளதான் சொல்லிட்டு நிண்ட நான்."

அந்த ஒரு வரியையும் திருத்தினேன்.